மேல்மாடி எழுப்புமுன்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே பயணம் செய்தோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வீடுகளின் மொட்டைமாடியில், தூண்களின் உச்சியிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு இரும்புக் கம்பிகள் வானத்தை நோக்கி நின்றுகொண்டிருக்கும். சிலவற்றில் பழைய போத்தல் கவிழ்க்கப்பட்டிருக்கும். பலவற்றில் ஒன்றுமே இராது. வெளியூரார் இதனைக் கண்டு, பணமின்மையால் வேலை இடையில் நின்றுபோயிற்றோ என எண்ணுவதுண்டு. அப்படியன்று. அந்தக் கம்பிகள் அடுத்த மகளுக்காகக் காத்து நிற்கின்றன.

நேயர்களே, எமது கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. திருமணமாகும் மகளுக்கு வீடொன்றைக் கொடுப்பது முஸ்லிம்களிடத்தும் அயலிலுள்ள தமிழரிடத்தும் நெடுங்காலமாக நிலவும் வழக்கமாகும். மருமகனே மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்கிறார். 1960களின் இறுதியிலிருந்து அக்கரைப்பற்றில் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். இதன் நன்மை தீமை குறித்துச் சமூகத்துக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. இன்றைய பேச்சின் பொருள் அதுவன்று. இவ்வழக்கம் கட்டடக் கலைக்கு விடுக்கும் ஒரு வினாவே இன்றைய பொருள்.

கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல்களும் சதுப்பு நிலங்களும். இரண்டுக்கும் இடைப்பட்ட மணற்பட்டியிலே இலங்கையில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களுட் சில அமைந்துள்ளன. ஆறேழு பேர்ச் வளவும் மூன்று பெண்மக்களும் உடைய வாப்பா என்ன செய்வார்? வளவைப் பங்கிட்டது போதாதென்று வானத்தைப் பங்கிட வேண்டியவராகிறார். மூத்தவளுக்குக் கீழ்த்தளம், இளையவளுக்கு மேல்மாடி, கடைக்குட்டிக்கு அதற்கும் மேலே. ஆகவே இங்கு ஒரு தந்தை கட்டுவது மூத்த மகளின் வீடு மட்டுமன்று. இளைய மகளின் அத்திவாரமும் அதுவே. இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகள் கழிந்துவிடக்கூடும். அதற்குள் வாப்பா மௌத்தாகியிருக்கலாம். மேசன் வெளிநாடு சென்றிருக்கலாம். அத்திவாரம் எத்தனை அடி ஆழம், தூணுக்குள் எத்தனை கம்பி, அவை எந்தப் பருமன் என்பதை அப்போது அறிந்தவர் யார்? இந்த வினாவுக்கு விடை வைத்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பெட்டகத்திலிருக்க வேண்டிய ஒரு காகிதக் கட்டு. அதனைப் பிறகு பார்ப்போம். முதலில் வானத்தை நோக்கி நிற்கும் கம்பியைக் கவனிப்போம்.

நல்ல கொங்கிறீற்றுக்குள் இருக்கும் இரும்பு எளிதிற் கறள் பிடிப்பதில்லை. சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது உண்டாகும் காரத்தன்மை, கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் ஒன்றை அமைத்து விடுகிறது. இந்தப் படலத்துக்குப் பகைவர் இருவர். காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்லக் கொங்கிறீற்றுக்குள் நுழைந்து அதன் காரத்தைக் குறைத்துவிடும். இது பல ஆண்டுகள் எடுக்கும். மற்றவன் உப்பு. உப்பிலுள்ள குளோரைட்டு, காரம் குறையாத இடத்திலும் படலத்தைத் துளைத்துவிடும். கடற்காற்று வீசும் ஊரில் இவ்விரண்டாம் பகைவனே வல்லவன். கறளானது அது தோன்றிய இரும்பைக் காட்டிலும் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே இடமில்லாமையால் அது கொங்கிறீற்றை வெளியே தள்ளுகிறது. தூணின் மூலையில் மேலிருந்து கீழாக ஓடும் வெடிப்பும், கூரைத் தட்டின் அடிப்புறத்திலிருந்து பெயர்ந்து விழும் கட்டியும் இவ்வாறு வருபவையே. பிளேட் உதிர்கிறது என்று சொல்லி அதன்மேல் மீண்டும் சாந்து பூசுவோர் பலர். நோயை மூடி வைப்பதன்றி இதனால் வேறு பயன் இல்லை. பெயர்ந்த பகுதியை முழுவதும் தட்டி அகற்றி, கம்பியின் பின்புறமும் விரல் நுழையுமளவு வெட்டி, கறள் முழுவதையும் சுரண்டி இரும்பு மின்னும்படி செய்து, பின்னரே புதிய கலவையால் நிரப்புதல் வேண்டும். கம்பி மெலிந்திருப்பின் புதிய கம்பி சேர்க்கவேண்டும். எவ்வளவு என்பதைப் பொறியியலாளரே கூறவேண்டும்.

மொட்டைமாடியில் நீட்டி நிற்கும் கம்பிக்கோ காப்பு என்று ஒன்றுமே இல்லை. மாரியில் நனைந்து, கச்சான் காற்றில் உலர்ந்து, இரவுதோறும் உப்புப் பனியில் தோய்ந்து, அது ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. அதைவிடத் தீங்கானது வேறொன்று. கம்பி கொங்கிறீற்றினுள் நுழையும் அந்தக் கழுத்திலே நீர் தேங்கி, கம்பியின் வழியே கீழிறங்கி, மூத்த மகள் குடியிருக்கும் வீட்டின் தூணையே உள்ளிருந்து அரிக்கத் தொடங்குகிறது. இளையவளுக்காக வைத்தது மூத்தவளுக்குக் கேடாகிறது. இதற்குப் பரிகாரம் பெருஞ் செலவுடையதன்று. கம்பிகளைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கிச் சீமெந்துப் பால் பூசி, அவற்றைச் சுற்றி வலுக்குறைந்த கலவையால் சிறு தூண்போல் மூடிவிடலாம். பின்னர் தேவைப்படும்போது அதனைச் சுத்தியலால் உடைத்தெடுப்பது எளிது. தூணின் தலை நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்குமாறு பூசினால் நீர் தேங்காது. போத்தல் கவிழ்ப்பது கம்பியின் நுனியைக் காக்குமேயன்றிக் கழுத்தைக் காவாது. அன்றியும் அதற்குள் நீர் நின்றால் நுளம்பு பெருகும். நுளம்பு பெருக இடங்கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவிற் கொள்வது நன்று.

புதிதாகக் கட்டுவோர்க்கு இன்னும் சில சொற்கள். கடலுக்கு அண்மையில், கம்பிக்கு வெளியே கொங்கிறீற்றுப் போர்வை 40 மில்லிமீற்றருக்குக் குறையாதிருத்தல் நலம். கம்பிக் கூட்டுக்கும் பலகை அடைப்புக்கும் இடையே அந்த அளவில் சிறு சீமெந்துக் கட்டைகளை வைத்துக் கட்டினாலன்றி இப்போர்வை அமையாது. உடைந்த ஓட்டுத் துண்டும் சல்லிக்கல்லும் கட்டையாகா. கடற்கரை மணலை அள்ளிக் கலத்தல் கூடவே கூடாது. ஆழ்கடலிலிருந்து எடுத்து, உப்பு நீங்கக் கழுவி, சோதித்து விற்கும் மணல் வேறு. வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் மணல் வேறு. வாயில் வைத்தால் கரிக்கும் கிணற்று நீரையும் கலவைக்குச் சேர்க்கலாகாது. 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு ஏறத்தாழ 25 லீற்றர் நீர் போதுமானது. கலவை குழைவாக ஓடவேண்டும் என்று வாளி வாளியாக ஊற்றும் கை வீட்டின் ஆயுளையே கரைக்கிறது. கொங்கிறீற்று இட்டபின் ஒரு வாரமேனும் நீர் தெளித்து ஈரம் காத்தல் வேண்டும். இவையெல்லாம் மேசன்மார் அறியாதவை அல்ல. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கேட்காதபோது கைவிடப்படுபவை.

இனி அத்திவாரத்துக்கு வருவோம். பன்னிரண்டடிச் சதுரமான ஓர் அறைக்கு மேல் ஐந்து அங்குலக் கனத்தில் பிளேட் போட்டால் அந்தத் தட்டு மாத்திரம் நான்கு தொன் நிறைகொள்ளும். இது ஓர் அறைக்குரிய கணக்கு. வீடு முழுவதற்குமுள்ள தட்டும், அதன்மேல் எழும் சுவர்களும், தளக்கல்லும், தண்ணீர்த் தாங்கியும், குடியிருப்போரும் சேரும்போது நிறை பன்மடங்காகும். இவ்வளவையும் தூண்கள் வாங்கி மணலிடம் கொடுக்கின்றன. இறுகிய மணல் நல்ல தாங்கு நிலமே. ஆனால் மாரிகாலத்தில் நிலத்தடி நீர் அத்திவார மட்டத்துக்கு உயரும்போது மணலின் தாங்கும் வலு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். பக்கத்து வளவில் மலசலகூடக் குழி வெட்டினால் ஓரத்து மணல் தளரும். மேற்குப் பக்கத்தில் வயலை மண்ணிட்டு நிரப்பிக் கட்டியோரின் நிலைமை இதனினும் இக்கட்டானது. நிரப்பிய மண்ணும் அதன் கீழுள்ள களியும் பல ஆண்டுகளுக்குத் தாழ்ந்துகொண்டே இருக்கும். அதுவும் ஒருசீராகத் தாழ்வதில்லை. நெற்காணியை நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பது வேறு விடயம்.

ஆகவே ஒரு தளத்துக்கென இட்ட அத்திவாரம் மூன்று தளத்தைத் தாங்கும் என்று நம்புவதற்கு நியாயம் எதுவுமில்லை. இங்கேதான் சட்டம் வருகிறது.

இலங்கையில் நகரக் கட்டடங்களை ஒழுங்கு செய்யும் முதன்மையான சட்டம் 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். நூறாண்டுகளைக் கடந்தும் அதன் அடிப்படை மாறவில்லை. உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி பெற்ற வரைபடமின்றிக் கட்டடம் எழுப்புதல் ஆகாது. உள்ள கட்டடத்தைப் பெருப்பிப்பதற்கும் மேலே தளம் சேர்ப்பதற்கும் புதிய அனுமதி வேண்டும். கட்டி முடித்தபின் அது வரைபடத்துக்கு இணங்கவே அமைந்தது என்னும் சான்றிதழைப் பெறாமல் குடிபுகலாகாது. பேச்சு வழக்கில் சி.ஓ.சி. என்று சொல்லும் இணக்கச் சான்றிதழ் இதுவே. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை தோன்றியது. அதன்கீழ் 1986இல் வந்த விதிகளுக்குப் பதிலாக 2021இல் புதிய விதிகள் வந்தன. அனுமதியின்றி எழுந்த கட்டடத்தை நீதவான் நீதிமன்றத்தின் கட்டளை பெற்று இடிப்பதற்கும் அச்சட்டத்தில் இடமுண்டு.

எம்மவர் இச்சட்டத்தை வரி அறவிடும் கருவியாகவே பெரும்பாலும் காண்கின்றனர். வங்கிக் கடன் கேட்கும் நாளில்தான் சி.ஓ.சி. நினைவுக்கு வருகிறது. இவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் பல ஆயிரம் வீடுகளுக்குப் பொறுப்பாக இருக்கும் சபைகளில், அத்திவாரக் குழி திறந்திருக்கும் நாளில் எவரும் வந்து பார்ப்பதில்லை. எல்லாம் மூடப்பட்டு வெள்ளையடித்தபின் வந்து சுவரின் நீள அகலத்தை அளக்கின்றனர். படவரைஞர் ஒருவர் ஒரே வரைபடத்தை அயலவர் பலருக்கும் பெயர் மாற்றிக் கொடுப்பதும் நிகழாததன்று. காணியை வாய்ச்சொல்லாற் பங்கிட்டு வந்த குடும்பங்களுக்கு உறுதியும் நில அளவைப் படமும் பெறுவதே பெருஞ் சுமை. பொதுவாக 150 சதுர மீற்றருக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சுக்குக் குறையாத துண்டையே விதிகள் எதிர்பார்க்கின்றன. எமது ஊர்களில் அதனிலும் சிறிய துண்டுகள் பல தலைமுறையாக உள்ளன. சட்டம் செய்தோர் இந்த மணற்பட்டியை நினைந்து செய்தனர் எனக் கூறுவதற்கில்லை.

ஆயினும் ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இணக்கச் சான்றிதழ் வீட்டின் வலுவைச் சோதித்துத் தரும் பத்திரம் அன்று. வரைந்ததும் கட்டியதும் ஒன்றே என்பதற்கு அது சாட்சி. அவ்வளவே அதன் பொருள். அதுவே அதன் பெறுமதி. பத்து ஆண்டுகள் கழித்து மேல்மாடி எழுப்ப வரும் பொறியியலாளர் சுவருக்குள் கண் செலுத்திப் பார்க்க இயலாது. வரைபடத்தை நம்பலாம் என்ற உறுதி இருந்தால் அவர் கணக்குப் போடுவார். இல்லையேல் ஊகிப்பார். அவருடைய ஊகத்தின்மேல் இளைய மகளும் அவளுடைய பிள்ளைகளும் உறங்குவர்.

ஊகத்தின் விலை என்ன என்பதற்கு வங்காளதேசத்தின் சாவார் நகரிலுள்ள ராணா பிளாசாவைப் பார்க்கலாம். ஐந்து தளத்துக்கு அனுமதி பெற்ற கட்டடத்தின்மேல் மேலும் தளங்கள் சேர்க்கப்பட்டன. ஒரு பகுதி நிரப்பிய குளத்தின்மேல் நின்றது. தையல் ஆலைகளின் இயந்திரங்களும் மின்பிறப்பாக்கிகளும் மேல்தளங்களில் ஏற்றப்பட்டன. 2013 ஏப்பிரல் 23ஆந் திகதி தூண்களில் வெடிப்புக் காணப்பட்டது. மறுநாட் காலை தொழிலாளர் மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டனர். கட்டடம் இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் இறந்தனர். எமது ஊர் வீடு அத்தனை பெரிதன்று என்று கூறுவோர் உளர். காரணங்கள் மாத்திரம் எமக்கு அந்நியமானவை அல்ல. எம் நாட்டிலும் 2017 மே மாதம் வெள்ளவத்தையில் பலமாடிக் கட்டடமொன்று இடிந்து உயிர்கள் பலியாயின.

மேல்மாடி எழுந்தபின் அதற்குக் காற்றோடும் கணக்கு உண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை முதியோர் இன்றும் மறக்கவில்லை. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இறந்தனர், தென்னைகள் முறிந்தன, ஓடுகளும் தகரங்களும் பறந்தன. அதன்பின் 1980இல் கடுங்காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான அரசாங்கக் கைந்நூல் ஒன்று வெளியாயிற்று. நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்த அந்நூல் எமது கிழக்குக் கரையை முதல் வலயத்திலே வைத்தது. சாதாரண கட்டடமும் விநாடிக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 175 கிலோமீற்றர் அளவிலான காற்றைக் கருதியே அமைக்கப்பட வேண்டும் என்பது அதன் கணக்கு. கீழ்வீட்டின் கூரையைக் கழற்றி அதே தகரத்தை மேல்மாடியில் பழைய துளைகளின் வழியே அறைவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதே அதிகம். கைமரத்தைச் சுவர் விட்டத்தோடும், விட்டத்தைக் கொங்கிறீற்று வளையத்தோடும் இரும்புப் பட்டியால் பிணைத்தல் வேண்டும். அந்தப் பட்டியும் கறள் பிடிக்கும் என்பதால் ஆண்டுதோறும் மாரிக்கு முன், புரட்டாசி மாதத்திலே, ஏணி வைத்து ஏறிப் பார்க்கவேண்டும்.

கடலைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி காலை அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டது. இலங்கையில் எந்த மாவட்டமும் இவ்வளவு இழப்பைக் காணவில்லை. பின்னர் கிழக்கிலும் வடக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குக் கட்டுதல் ஆகாது என்று தடை விதிக்கப்பட்டது; தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். காணியற்ற எமது மக்களுக்கு அது இரண்டாம் அலைபோல் வந்தது. தடை பின்னர் தளர்த்தப்பட்டதாயினும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தொடர்ந்தும் நடைமுறையில் உள்ளது. உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் எனப்படும். அதற்குள் கட்டுவோர் சபையின் அனுமதிக்கு மேலாகக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியையும் நாடவேண்டும். அந்தக் கோடும் நிலையாக நிற்பதில்லை. ஒலுவில் துறைமுகம் அமைந்தபின் அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதை அயலூரார் நேரிற் கண்டனர்.

சுனாமியின்போது இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில், லாம்புக் என்னும் ஊர் முழுவதும் அழிந்தும் அங்குள்ள ரஹ்மத்துல்லா பள்ளிவாசல் நின்றது. இறைவனின் நாட்டத்தை யாம் ஆராயத் தகுதியுடையோம் அல்லோம். ஆனால் அவன் நாட்டத்தின்படி அக்கட்டடத்துக்குப் பருத்த தூண்களும், நீர் ஊடறுத்துச் செல்லத்தக்க திறந்த வாயில்களும் இருந்தன என்பதைக் கட்டட நூலார் சுட்டிக் காட்டுவர். அலையின் வழியிலே கம்பியற்ற நீண்ட கற்சுவர் தடுத்து நிற்குமானால் அது விழும். தூண்கள் அத்திவாரத்தோடும் விட்டத்தோடும் ஒன்றாகப் பிணைந்திருந்தால் சுவர் போயினும் சட்டகம் நிற்கக்கூடும். கரையோரத்தில் மேல்மாடி அமைப்பது உயிர்காக்கும் இடமாகவும் ஆகலாம். கீழே இருப்பது அதற்குத் தகுதியானால்.

குடும்பங்கள் பெருகும்போது கிணறும் குழியும் நெருங்குகின்றன. ஒரு வீட்டுக்கென வெட்டிய மலசலகூடக் குழியை மூன்று குடும்பங்கள் பாவிக்கும்போது மணலூடாக அழுக்கு நீர் கிணற்றை நாடுகிறது. நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச நியமம் இரண்டுக்கும் இடையே 30 மீற்றர் கேட்கிறது. ஆறு பேர்ச் வளவில் அதற்கு இடமேது? குழாய்நீர் உள்ள வீட்டார் குடிப்பதற்குக் கிணற்றை விட்டுவிடுதலே நேர்மையான விடை. புதிய தளத்துக்கு அனுமதி கோரும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குழியைப் பற்றிக் கேட்பது இதனால்தான்.

இனி, வரைபடமும் சான்றிதழும் இல்லாத பழைய வீட்டினர் என்ன செய்வது? அவர்களே தொகையில் மிகுந்தோர். மேல்மாடிக்கு நாள் குறிக்குமுன், மாரி இல்லாத காலத்தில், நடுத்தூண் ஒன்றின் அருகிலும் மூலைத்தூண் ஒன்றின் அருகிலும் குழி தோண்டி அத்திவாரத்தின் அடிவரை திறந்து பார்க்கச் செய்யுங்கள். இதனைப் பொறியியலாளர் முன்னிலையிலேயே செய்தல் வேண்டும்; அத்திவாரத்தின் கீழே தோண்டுதல் கூடாது. அகலம், ஆழம், மண்ணின் தன்மை ஆகியவற்றை அவர் குறித்துக்கொள்வார். தூணின் பூச்சை ஓரிடத்தில் தட்டிக் கம்பியின் எண்ணிக்கையையும் பருமனையும் பார்ப்பார். மேலே நீட்டிய கம்பியைச் சுரண்டி அளப்பார். 12 மில்லிமீற்றர்க் கம்பி 10 ஆகத் தேய்ந்திருந்தால் அதன் வலுவில் ஏறத்தாழ மூன்றிலொன்று போய்விட்டது என்று பொருள். குழியை மூடுமுன் அளவுகோலை வைத்து நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பும் படங்களும் புதிய வரைபடத்தோடு சபைக்குச் செல்லட்டும். ஒரு பிரதி வீட்டு உறுதியோடு சேர்த்து மகளின் கையிற் கொடுக்கப்படட்டும். அத்திவாரம் போதாது என்று பொறியியலாளர் சொன்னால், தூண்களுக்கு அகன்ற புதிய பாதம் இடுவதா, மேலே பாரங்குறைந்த கூரையோடு நிறுத்திக்கொள்வதா என்பதை அவரோடு பேசித் தீர்மானிக்கலாம். திருமண நாளை இரண்டு மாதம் பிற்போட வேண்டியும் நேரலாம்.